அம்மாவுக்கும் அலுத்துப் போகும்!

அடுப்படி அலுக்கிறது, ஆபீஸ் அலுக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லலாம். யாரும் தப்பாக எண்ண மாட்டார்கள். "குழந்தைகளே அலுத்துவிட்டார்கள்" என்று எந்தத் தாயாவது சொல்லத் துணிவாளா? அப்படி ஒரு நினைப்பு வந்தாலே, "ஐயோ, நானும் ஒரு தாயா!" என்று தனக்குள் குன்றிப் போவாள்.

சகோதரிகளே, அந்த நினைப்பு வந்தவள் கெட்ட தாய் அல்ல. களைத்துப் போன தாய்.

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். முன்பெல்லாம் கூடத்தில் பாட்டி, தாழ்வாரத்தில் அத்தை, திண்ணையில் தாத்தா என்று ஒரு குழந்தைக்கு நாலு மடி காத்திருந்தது. இன்று பல வீடுகளில் அம்மா ஒருத்திதான். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தால் குறுவை வேலை என்று அவர் வயலுக்குப் போய்விடுவார். அதே மாதம் பள்ளிக்கூடமும் திறக்கும். சீருடை, சாப்பாட்டு டப்பா, வீட்டுப் பாடம், நடுவில் மாமியாருக்கு மருந்து! எல்லாம் இரண்டே கைகளில்.

இந்தச் சோர்வை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள், பெல்ஜியம் நாட்டுப் பேராசிரியைகள் இஸபெல் ரோஸ்காமும் மொய்ரா மிகோலாய்சாக்கும். 42 நாடுகளில் 17,000-க்கு மேற்பட்ட பெற்றோரை விசாரித்து 2021-ல் வெளியான ஆராய்ச்சி ஓர் உண்மையைச் சொல்கிறது. அவரவர் பாடு அவரவருக்கு என்று வாழும் நாடுகளில்தான் இந்தச் சோர்வு அதிகம். ஆறு பேர் சுமந்ததை ஒருத்தி சுமந்தால் வேறென்ன ஆகும்?

எப்படிக் கண்டுகொள்வது?

நாலு அடையாளங்கள் உண்டு. இராத்திரி தூங்கி எழுந்தும், இன்னொரு நாள் குழந்தையோடு கழிக்க வேண்டுமே என்று விடியும்போதே மலைப்பு. சோறு போடுகிறோம், தலை வாருகிறோம். ஆனால் யந்திரம் போல. குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டாலும் மனம் எங்கோ நிற்கிறது. குழந்தையிடம் முன்பிருந்த சந்தோஷம் காணோம். "நான் இப்படி இருந்தவள் இல்லையே" என்ற ஏக்கம் வேறு.

சாதாரண அலுப்பு இரண்டு நாள் பிறந்தகம் போய் வந்தால் தீர்ந்துவிடும். இது தீராது. மனச்சோர்வு நோய்க்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குழந்தை வளர்ப்பில் மட்டும் மனம் வற்றி, மற்ற இடங்களில் சிரிக்க முடிகிறதென்றால் இந்தச் சோர்வாக இருக்கலாம். கோயில், கல்யாணம், சிநேகிதி, எதிலுமே ருசியில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இப்படிக் களைப்பூட்டும். ஆகையால் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

நம் காவிரிக் கரை விவசாயிக்கு இதெல்லாம் புரியும். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பார். நெல்லுக்குக் கொடுத்து இளைத்த மண் அந்தப் பயிரின் வேரால் மறுபடி சத்துப் பெறும். இளைத்த மண்ணை அவர் வைவதில்லை. வீட்டுக்காரர் தினம் ஒரு மணி நேரம் குழந்தைகளைத் தம் பொறுப்பில் ஏற்கட்டும். பாட்டி மாலையில் கதை சொல்லட்டும். எல்லாப் பிள்ளைகளும் முதல் மார்க் வாங்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தையும் சற்றுத் தளர்த்துங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வீட்டார் கை கொடுத்தும் சில வாரங்களில் தேறவில்லையா, டாக்டரிடம் போங்கள். கை மீறிக் குழந்தையை அடிக்கிறீர்களா, எங்காவது ஓடிப் போய்விடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறதா, நாளை எண்ணாமல் உடனே போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால் ஒரு நிமிஷமும் தனியாக இருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, அவர்களிடமே விஷயத்தைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். பிரசவித்துச் சில நாளிலேயே ஒரு பெண் தூக்கமில்லாமல் பிதற்றினால், "காற்றுக் கருப்பு" என்று வேப்பிலை தேடாதீர்கள். அது அவசர வைத்தியம் வேண்டிய நோய்; தீரக்கூடிய நோய்.

எங்கே போவது? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. இரவும் பகலும் தமிழில் பேசலாம்; கட்டணம் கிடையாது.

"ஊர் என்ன சொல்லும்?" என்ற பயம் வேண்டாம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த முறை நாத்தனாரையோ அடுத்த வீட்டுப் பெண்ணையோ பார்க்கும்போது, "குழந்தை சௌக்கியமா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "நீ எப்படி இருக்கிறாய், அம்மா?" என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.