கரையோரம் செல்லும் சாம்பல் திமிங்கிலங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கிலுள்ள கலிபோர்னியாக் கடற்கரையில், கரையில் நின்றபடியே திமிங்கிலங்களைக் காணலாம். சாம்பல் திமிங்கிலம் எனப்படும் இனம் கோடையில் வடதுருவப் பகுதிக் கடல்களில், அடிச்சேற்றிலுள்ள சிறு கணுக்காலிகளை உண்டு கொழுக்கிறது. குளிர்காலத்தில் தெற்கே மெக்சிகோ நாட்டுக் காயல்களை அடைந்து குட்டி ஈனுகிறது. போய்த் திரும்பும் தொலைவு 16,000 கிலோமீட்டருக்கும் மேலாகும். வழி பெரும்பாலும் கரையை ஒட்டியே அமைந்துள்ளது.

1950-ஆம் ஆண்டில் சான் டியேகோ நகரை அடுத்த பாயிண்ட் லோமா முனையில், பொதுமக்கள் திமிங்கிலம் காண்பதற்கென ஓரிடம் ஏற்படுத்தப்பட்டது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 10,000 பேர் வந்தனர். 1955-இல் ஒரு டாலர் கட்டணத்தில் படகுப் பயணமும் தொடங்கிற்று. இன்று இம்முனையிலிருந்து வடக்கே பாயிண்ட் ரேயஸ் வரை, வழிகாட்டியுடன் குழுக்களாகச் செல்வோர் பலர்.

தேர்ந்த வழிகாட்டி முதலில் கற்பிப்பது, திமிங்கிலத்தைத் தேடாமல் அதன் மூச்சைத் தேடுக என்பதே. அது நீர்ப்பரப்பின்மேல் மூன்று, நான்கு மீட்டர் உயரத்திற்கு வெண்புகைபோல் எழும். சிறுவர் படங்களில் திமிங்கிலத்தின் தலைமேல் நீரூற்று வரைவது வழக்கமாகிவிட்டது. ஆசிரியர்கள் இதனைத் திருத்துவது நலம். வெளிவருவது நுரையீரலின் வெப்பக்காற்றும் அதில் குளிர்ந்த நீர்த்துளிகளுமேயன்றி, விழுங்கிய கடல்நீர் அன்று. முதுகில் துடுப்பு இன்மையும், வாலை நோக்கிச் செல்லும் சிறு புடைப்புகளும், தோலில் ஒட்டிய கொட்டலசுகளும் இவ்வினத்தின் அடையாளங்கள்.

சில முறை மூச்செறிந்தபின் வால் உயர்த்தி மூழ்கினால், மீண்டும் எழச் சுமார் ஐந்து நிமிடம் ஆகலாம். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகமெனக் கொண்டால் அதற்குள் 500 மீட்டர் நகர்ந்துவிடும். ஆதலின் மூழ்கிய இடத்தையே நோக்கி நிற்பவர் ஏமாறுவர். செல்லும் திசையில் பார்வையை முன்னே செலுத்துபவர் காண்பர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கு நோக்கியும், அதன்பின் வடக்கு நோக்கியும் செல்லும். குட்டியுடன் வரும் தாய்களே கடைசி. அவை கரைக்கு மிக அருகில் நீந்தும். படகுகள் ஏறத்தாழ 90 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது நெறி. குட்டியின் பால்குடிக்கு இடையூறின்றிக் காண மேட்டுநிலமே சிறந்தது என்பது எம் கருத்து.

விஞ்ஞானிகளும் இம்முறையிலேயே கணக்கெடுக்கின்றனர். கார்மல் அருகே கரையிலிருந்து 1967 முதல் தென்திசைப் பயணம் எண்ணப்பட்டு வருகிறது. 1946-இல் சர்வதேச உடன்படிக்கையால் வணிக வேட்டையிலிருந்து காப்புப் பெற்ற இவ்வினம் நன்கு பெருகிற்று. 1994-இல் அமெரிக்காவின் அழியும் இனப் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. 2016 அளவில் சுமார் 27,000 இருந்தன. பின்னர் நிலை மாறியது. 2018 இறுதி முதல் 2023 வரை நூற்றுக்கணக்கான உடல்கள் கரை ஒதுங்கின; அவற்றுட் பல மெலிந்திருந்தன. வடகடலில் பனிப்பரப்புச் சுருங்கியதால் அடித்தள இரை குன்றியதே முக்கிய காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். 2025 கணிப்பில் தொகை சுமார் 13,000 மட்டுமே. அவ்வாண்டு வடக்கே சென்ற குட்டிகள் ஏறத்தாழ 85. குட்டிக் கணக்குத் தொடங்கிய 1994-க்குப்பின் இதுவே மிகக் குறைந்த எண்ணிக்கையாகும்.