பெயர்ப்பட்டையும் ஆல்பா தடமும்

மாணவர்கள் எடுக்கும் தோட்ட ஆவணப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது பெயர்ப்பட்டையைத்தான். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டிய பாட்டி பேசுகிறார். அவர் முகத்துக்குக் கீழே பெயர் நகர்ந்து வந்து நிற்கிறது. அவருடைய பெயர் திரையில் வருவது அந்த ஒருமுறை மட்டுமாகவே இருக்கலாம். அது கறுப்புப் பெட்டிக்குள் அடைபட்டு வந்தால் எனக்குப் பொறுக்காது.

கறுப்புப் பெட்டி எங்கிருந்து வருகிறது? கணினித் திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. பின்னால் இருப்பது எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்வது நான்காவது எண். இதுவே ஆல்பா தடம். 1970களின் இறுதியில் நியூயார்க்கில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் உருவாக்கிய முறை இது. பொதுவாக 0 என்றால் முழுக்க ஒளிபுகும். 255 என்றால் முழுக்க மறைக்கும். படத்தைச் சுருக்கிக் கோப்பாக்கும் முறையான கோடெக், இந்த நான்காவது எண்ணை ஏந்தாவிட்டால் ஒளிபுக வேண்டிய இடமெல்லாம் கறுப்பாகிவிடும்.

தமிழுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. சிறிய எழுத்தில் புள்ளிக்கு நான்கைந்து பிக்சல்தான் கிடைக்கும். அதில் பெரும்பகுதி ஓரமே. ஓரம் வழுவழுப்பாகத் தெரிய 0க்கும் 255க்கும் இடைப்பட்ட எண்கள் வேண்டும். ஜிஃப் கோப்புக்கு ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ மட்டுமே தெரியும். அதில் ‘மெர்லிமாவ்’ என்று எழுதினால் புள்ளிகள் கரடுமுரடாகும். நகரும்போது சில மறைந்தே போகும். ‘பால்மரம்’ என்பது ‘பாலமரம’ ஆனால் யார் படிப்பது?

நாம் அன்றாடம் கைப்பேசியில் அனுப்பிக்கொள்ளும் எச்.264 வகை எம்பி4 கோப்பு ஆல்பா தடத்தை ஏந்தாது. முடிந்த படத்தைப் பகிர அது போதும். பெயர்ப்பட்டையைச் சேமிக்க உதவாது. புரோரெஸ் 422உம் அப்படித்தான். பெயரில் நான்கு ‘4’ உள்ள புரோரெஸ் 4444 வேண்டும். 2009இல் வந்த இது 16 பிட் வரை ஆல்பாவை ஏந்தும். குயிக்டைம் அனிமேஷன் கோடெக் பழையது. ஒரே நிறப் பரப்பை நன்கு சுருக்கும், நிறம் கலந்து மங்கும் இடங்களில் கோப்பு வீங்கிவிடும். இணையப் பக்கத்துக்கென்றால் விபி9 வெப்எம் பொருந்தும்.

எந்தக் கணினியில் திறக்கப்போகிறோம் என்று தெரியாதபோது நான் பிஎன்ஜி படவரிசையையே பரிந்துரைப்பேன். நொடிக்கு 25 படம் என்றால் பத்து நொடிக்கு 250 கோப்புகள். சலிப்பான வேலைதான். ஆனால் தரம் குறையாது. பாதியில் கணினி நின்றுபோனாலும் விட்ட படத்திலிருந்து தொடரலாம். ஆப்பிள் 2016இல் விண்டோசுக்கான குயிக்டைமைக் கைவிட்டது. பிஎன்ஜியைத் திறக்க அது தேவையே இல்லை. சுருக்காமல் வைத்தால் 1920×1080 அளவில் ஒரு படமே 8.3 மெகாபைட், பத்து நொடி 2 கிகாபைட்டுக்கு மேல். பெயர்ப்பட்டையில் பெரும்பகுதி வெற்றிடம் என்பதால் பிஎன்ஜி இதில் சிறு பங்கே ஆகும்.

கோடெக் சரியாக இருந்தும் எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு வருகிறதா? நிறத்தை ஆல்பாவால் முன்பே பெருக்கி வைத்த கோப்பை, பெருக்காத கோப்பாக மென்பொருள் எண்ணிக்கொண்டது என்று பொருள். மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டாம். கோப்பின் ஆல்பா அமைப்பில் ‘முன்பெருக்கியது’ என்று மாற்றினால் போதும். வெள்ளை வேட்டி, வெயில் வானம் போன்ற வெளிர்ப் பின்னணியில்தான் இது பளிச்சென்று தெரியும்.

மாசி மகத்தின்போது 1781இல் அமைந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு வெள்ளி இரதம் செல்லும். அதைப் படமெடுப்பவர்கள் இரதம் புறப்படும் முன்பே பெயர்ப்பட்டையைச் செய்து, இரவுக் காட்சி ஒன்றன்மேலும் பகல் காட்சி ஒன்றன்மேலும் வைத்துப் பார்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக் காட்சிகளின்மேலும் அதே பட்டையை அப்படியே வைக்கலாம்.