மலைத்தோட்டக் குடிலுக்கு ஏற்ற கணப்பு

நீலகிரி, பழனிமலை முதலிய உயர்ந்த இடங்களில் தோட்டம் உடைய நிலச்சுவான்தாரர்களில் பலர் சமவெளியில் வசிப்பவர்கள். வாரக் கடைசியில் இரண்டு நாள் மலையேறிச் சென்று, உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோஸ், தேயிலை முதலியவற்றை மேற்பார்வை செய்து, கூலிக்கணக்கை முடித்துத் திரும்புவது இவர்களுடைய வழக்கம். இதன் பொருட்டுத் தோட்டத்திலேயே ஓரறை அல்லது ஈரறையுள்ள குடிலைக் கட்டிக்கொள்ளுகின்றனர். கல்லையும் மரத்தையும் தகரத்தையும் ஆராய்ந்து வாங்குகிறவர்கள், இரவில் அக்குடிலைச் சூடாக்கும் வழியை முன்னதாக யோசிப்பது அரிது. குளிர் பொறுக்க முடியாத முதல் இரவில் கைக்குக் கிடைத்த அடுப்புக்கரியைத் தட்டிலிட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவதே பெரும்பாலும் நேர்கிறது. இது உயிருக்கே கேடு விளைவிக்கும் வழக்கமாதலின், உள்ள வழிகள் யாவை, அவற்றுள் சிறந்தது எது என்பது இங்கு விளக்கப்படுகிறது.

குளிரின் தன்மை

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் காற்றின் வெப்பம் 6 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை குறைகிறது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் அங்கே உறைபனி விழுவதுண்டு. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தங்கிவிடும். ஆகவே பள்ளத்திலுள்ள பயிர் கருகும் அதே இரவில் மேட்டுச் சரிவிலுள்ள பயிர் தப்பிவிடுவதைக் குடியானவர்கள் அறிவர். குடிலுக்கும் இது பொருந்தும். அதனைப் பள்ளத்தின் அடியில் கட்டாமல், தெற்கு நோக்கிய சரிவின் நடுப்பாகத்தில் கட்டுதல் நலம். மார்கழியில் சூரியன் தென்புறமாகச் செல்வதால், அத்திசையில் கண்ணாடி ஜன்னல் வைப்பின் பகல் வெயில் செலவின்றி உள்ளே வரும்.

வார இறுதிக் குடிலுக்கு மற்றொரு குறையும் உண்டு. ஐந்து நாள் பூட்டிக் கிடப்பதால் சுவரில் ஓதம் ஏறிவிடுகிறது. அறைக்காற்று ஒரு மணி நேரத்தில் சூடேறினும், குளிர்ந்த கற்சுவர் சூடேற நெடுநேரம் பிடிக்கும். எனவே எப்போதும் குடியிருக்கும் வீட்டுக்கு மெதுவாக நின்றெரியும் கணப்பு போதுமெனில், இக்குடிலுக்கு விரைவில் சூடு தரும் கணப்பே வேண்டும்.

எவ்வளவு வெப்பம் தேவை

12 அடி நீளமும் 12 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சுவர் 9 அங்குலச் செங்கல், கூரை தகரம். வெளியே 5 டிகிரி, உள்ளே 18 டிகிரி இருக்கவேண்டும் எனக் கொண்டால், மச்சு இல்லாமலும் கதவிடுக்குகள் அடைபடாமலும் உள்ள அறையிலிருந்து மணிக்குச் சுமார் இரண்டே முக்கால் யூனிட் வெப்பம் வெளியேறும். இதில் ஏறத்தாழப் பாதி தகரக் கூரை வழியாகவே போய்விடுகிறது. கூரையின் கீழ்ப் பலகை மச்சு அமைத்து, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டால், இழப்பு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும்.

இதனால் விளங்குவது யாதெனில், கணப்பு வாங்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் மச்சுக்குச் செலவிடுவதே சிக்கனம் என்பதாம். மலையின் பழங்குடியினர் இதனை நெடுங்காலமாக அறிந்தவர்கள். தோடர்களின் பழைய வீடுகள் வண்டிக்கூண்டு போல் வளைந்த கூரையுடன் சிறியனவாக இருக்கும். வாசலோ தவழ்ந்து நுழையுமளவே உடையது. உள்ளே மூட்டிய தீயின் சூடு வீணாகாமல் தங்குவதற்கு இவ்வமைப்பு துணைசெய்கிறது.

கரிக் குமுட்டி

விலை குறைவு, புகையில்லை என்னும் இரண்டு காரணத்தால் பலர் இதனை நாடுகின்றனர். புகையின்மையே இதன் ஆபத்து. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருளுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பற்றிக்கொள்வதால், மூச்சு நடந்துகொண்டிருக்கும்போதே உடலுக்குப் பிராணவாயு கிடைக்காமற் போகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், கைகால் சோர்வு ஆகியவை முதற் குறிகள். உறங்குகிறவர் இவற்றை உணர்வதில்லை, விழிக்காமலே இறந்துவிடுகிறார். மலை ஊர்களில் தங்க வந்தவர்கள், வெளியே சமைத்த கரியடுப்பை அணைந்ததென்று கருதி இரவில் உள்ளே கொண்டுவந்து வைத்து மாண்ட செய்தி பன்முறை வெளிவந்துள்ளது. சாம்பல் மூடிய கரியும் பல மணி நேரம் இவ்வாயுவை விடும். ஜன்னலைச் சிறிது திறந்துவைத்தால் போதும் என்பதும் தவறான நம்பிக்கையே. ஆதலின் புகைபோக்கி இல்லாத கரியடுப்பை எக்காரணங்கொண்டும் படுக்கையறையில் வைத்தல் கூடாது. தோட்டத்தில் தங்கும் கூலியாட்களின் குடிசைகளிலும் இவ்வெச்சரிக்கை எட்டும்படி கிராம அதிகாரிகள் குளிர்காலத் தொடக்கத்தில் அறிவிப்பது நன்று.

திறந்த கணப்பு

சுவரில் குழிவாகக் கட்டிப் புகைபோக்கி வைத்த கணப்பு பழைய பங்களாக்களில் காணப்படும். பார்வைக்கு இனியதாயினும், விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குதான் அறையில் தங்கும். ஏனையது, அறையில் முன்பே சூடேறிய காற்றையும் இழுத்துக்கொண்டு, புகைபோக்கி வழியே மேலே போகிறது. 1790-களில் லண்டனில் ரம்ஃபோர்டு பிரபு இக்குறையை ஆராய்ந்து, கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச்சுவர்களைச் சாய்வாக வைத்து, புகைபோக்கியின் கழுத்தை ஒடுக்கினார். பழைய கணப்பு உள்ளவர்கள் இம்மாற்றத்தைக் கொத்தனாரைக் கொண்டு செய்துகொள்ளலாம். புதிதாகக் கட்டுவோர் இதற்காகச் செலவிட வேண்டுவதில்லை.

இரும்புக் கணப்படுப்பு

கனத்த இரும்பால் செய்து, இறுகிய கதவும் காற்றுத் துவாரமும் குழாயும் பொருத்திய அடுப்பு இது. உள்ளே செல்லும் காற்றைக் கதவின் துவாரத்தால் கூட்டவும் குறைக்கவும் இயலும். நல்ல அடுப்பில் வெப்பத்தில் நூற்றுக்கு 60 முதல் 75 பங்கு அறைக்குக் கிடைக்கிறது. மேற்சொன்ன அறையை மணிக்கு 2 யூனிட் வீதம் ஆறு மணி நேரம் சூடாக்க 12 யூனிட் வெப்பம் வேண்டும். இதற்குத் திறந்த கணப்பில் காய்ந்த விறகு சுமார் 20 கிலோ செலவாகும். இரும்படுப்பிலோ 4½ கிலோ போதும். இரும்பு விரைவில் சூடேறுவதால் வார இறுதிக் குடிலுக்கு இது மிகவும் ஏற்றது. மின்சாரம் தடைப்பட்டாலும் பயன்படும். மேலே வெந்நீரும் வைத்துக்கொள்ளலாம்.

அமைக்கும்போது கவனிக்கவேண்டியவை:

1. அடுப்பைச் செங்கல் மேடையின் மேல் வைத்து, மரம், திரைச்சீலை, படுக்கை ஆகியவற்றிலிருந்து மூன்று அடி விலக்குதல்.

2. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் கூரை மரத்துக்கும் இடையே 18 அங்குலம் விடுதல். கூரையைக் கடக்குமிடத்தில் மரச்சட்டம் குழாயைத் தொடவே கூடாது.

3. குழாயின் வாய் கூரைக்கு மேல் மூன்று அடியாவது உயர்ந்திருத்தல். பத்து அடிக்குள் உள்ள கூரை முகட்டைவிட இரண்டு அடி மேலாக இருத்தல். இல்லையேல் காற்றடிக்கும்போது புகை உள்ளே திரும்பும்.

4. அடுப்பின் அருகே சுவரின் அடிப்பாகத்தில் வெளிக்காற்று வர ஒரு துவாரம் வைத்தல்.

5. ஆண்டுக்கொரு முறை, குளிர்காலத்துக்கு முன், குழாயைத் துடைத்தல். பூட்டிக் கிடந்த குடிலின் குழாயில் பறவைகள் கூடு கட்டியிருத்தல் கூடும்.

6. அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துதல். மின்கலத்தால் இயங்கும் இச்சிறு கருவி, விஷவாயு மிகும்போது ஒலியெழுப்பி உறங்குகிறவரை எழுப்பும்.

விறகு

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்நீரை ஆவியாக்குவதிலேயே தீயின் வலிமை குன்றுவதால், பச்சை விறகு காய்ந்த விறகின் வெப்பத்தில் பாதியளவே தரும். அன்றியும் புகை மிகுந்து, குழாயின் உட்புறத்தில் கீல் போன்ற கரி படியும். அது ஒருநாள் தீப்பற்றினால் கூரையும் எரிந்துபோகும். தை மாதத்தில் வெட்டிப் பிளந்து, தரையினின்று உயர்த்தி, மேற்கூரையுடன் பக்கம் திறந்த கொட்டகையில் அடுக்கி, குறைந்தது ஆறு மாதம், இயன்றால் ஓராண்டு உலர்த்துதல் வேண்டும். முனைகளில் வெடிப்பு கண்டு, இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென ஒலிப்பது காய்ந்ததன் அடையாளம்.

மரங்களில் சீகையும் கற்பூரமரமும் தகுதியானவை. இவை ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கெனவே பெரும்பாலும் கொண்டுவரப்பட்டவை. கற்பூரமரம் நீலகிரிக்கு வந்தது 1843-இல். சோலை மரங்களைத் தொடுதல் ஆகாது. அவை வளர நெடுங்காலம் பிடிப்பதோடு, ஓடைகளில் கோடையிலும் நீர் வற்றாமைக்கு அச்சோலைகள் துணைநிற்கின்றன. மேலும் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரமாயினும் உரிய குழுவின் முன் அனுமதி பெற்றே வெட்டுதல் வேண்டும். இதனைக் கிராம அதிகாரிகள் நிலச்சுவான்தாரர்களுக்கு எடுத்துரைத்தல் தகும்.

மின்சாரமும் எரிவாயுவும்

மின்கணப்பில் புகையுமில்லை, விஷவாயுவுமில்லை. 2,000 வாட் கணப்பு மணிக்கு 2 யூனிட் செலவிடும். இதற்கு நிலத்தொடர்புள்ள 16 ஆம்பியர் இணைப்பும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் வேண்டும். விளக்குக் கம்பியில் இணைத்தல் கூடாது. மலைத்தோட்டங்களில் மின்னழுத்தம் குறைவதுண்டு. 230 வோல்ட்டுக்குரிய கணப்பு 180 வோல்ட்டில் 2,000 வாட்டுக்குப் பதில் சுமார் 1,225 வாட்தான் தரும். கடுங்குளிர் நாளில் கணப்பு சுடவில்லை என்னும் குறைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நின்றுபோவதையும் எண்ணவேண்டும்.

எரிவாயுக் கணப்பில் ஓர் இரவுக்கு ஒரு கிலோ அளவில் செலவாகும். ஆயினும் ஒரு கிலோ வாயு எரியும்போது ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் ஆவியாகி அறையில் தங்குவதால், ஓதமுள்ள குடிலில் சுவர் மேலும் நனைகிறது. காற்றுக் குறையின் இதிலும் விஷவாயு உண்டாகும். ஆகவே புகைக்குழாய் இல்லாத எரிவாயுக் கணப்பைப் படுக்கும்போது அணைத்துவிடுதல் வேண்டும்.

சாம்பலின் பயன்

அடுப்புச் சாம்பலில் தணல் இரண்டு மூன்று நாள் உயிரோடிருக்கும். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அதனைச் சாக்கிலோ மரப்பெட்டியிலோ கொட்டுதல் ஆகாது. மூடியுள்ள இரும்பு வாளியில் இட்டு, குடிலுக்கு வெளியே தரையில் வைத்துச் செல்லவேண்டும். ஆறிய சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் உண்டு. புளிப்புத் தன்மையுள்ள மலைமண்ணில் முட்டைக்கோஸ், காரட் பாத்திகளுக்கு அளவாக இடலாம். தேயிலை புளிப்பு மண்ணையே விரும்புவதாலும், உருளைக்கிழங்கில் புளிப்புக் குறைந்தால் சொறிநோய் மிகுவதாலும், இவற்றுக்கு இடாதிருத்தல் நன்று.

முடிவு

மேற்கூறியவற்றால், மலைத்தோட்டக் குடிலுக்கு முதலில் மச்சும் இடுக்கடைப்பும், அடுத்துப் புகைக்குழாயுள்ள சிறிய இரும்புக் கணப்படுப்பும், அதற்குத் துணையாக ஒரு மின்கணப்பும் அமைத்துக்கொள்வதே தக்கது என விளங்கும். மாலையில் இரும்படுப்பை மூட்டிச் சுவரைச் சூடேற்றி, உறங்கும்போது தீயை அடங்கவிட்டுக் கம்பளியையும் வெந்நீர்ப் பையையும் நம்புதல் சிக்கனமும் பத்திரமும் ஆகும். அறை முழுவதையும் விடியுமளவும் சூடாக்குவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவது எளிது. வரும் குளிர்காலத்துக்கு விறகை இப்போதே வெட்டி அடுக்கிவைப்போர், அக்காலத்தில் கரித்தட்டைத் தேடும் அவசியமின்றித் தம் குடும்பத்தாருடன் அச்சமின்றி உறங்குவர்.