நரம்பைச் சுட்டால் நாரிவலி தீருமா?



எருக்கலம்பிட்டியிலே வலை இழுக்கும் ஆடவரையும், நாள் முழுவதும் குனிந்திருந்து பாய் இழைக்கும் பெண்டிரையும் அறிந்தோர்க்கு நாரிவலி புதிய செய்தியன்று. நரம்பைச் சுட்டுவிட்டால் அவ்வலி அடியோடு அகலும் என்றொரு பேச்சு உண்டு. நகையை அடகு வைத்தேனும் அச்சிகிச்சையைப் பெற எண்ணுவோரும் உளர். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

முதுகின் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பின்புறத்தில் சிறு மூட்டுக்களாற் பொருந்தியுள்ளன. அம்மூட்டுக்களின் நோவை மூளைக்கு அறிவிப்பவை மெல்லிய நரம்புக் கிளைகள். வைத்தியர் எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே ஓர் ஊசியை அக்கிளையின் அருகே செலுத்துகிறார். வானொலியின் மத்திய அலைக்கு அண்மையான அதிர்வெண் கொண்ட மின்னோட்டம் அதன் வழியே பாய்கிறது. ஊசி முனையில் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வெப்பம் உண்டாகி, ஒன்றிரண்டு நிமிடங்களில் அக்கிளை செயலிழக்கிறது.

இங்கே தூதனின் வாய்தான் அடைக்கப்பட்டது. மூட்டின் தேய்வு மாறவில்லை. நரம்பு மீண்டும் வளரும் இயல்புடையது. ஆதலின், தணிந்த வலி சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ திரும்பக்கூடும்.

வலி உண்மையில் அம்மூட்டுக்களிலிருந்துதான் எழுகிறதா என்பதையும் ஆராய வேண்டும். அதற்காக முதலில் விறைப்பு மருந்தை ஊசியால் ஏற்றிப் பார்ப்பர். வலி தணியாவிடின், நரம்பைச் சுடுவதிற் பயனில்லை. இடைத்தட்டு விலகி நரம்பு வேரை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலிக்கும் இது பரிகாரமன்று.

அறிஞரிடையேயும் இதுபற்றிக் கருத்தொற்றுமை இல்லை. பிற சிகிச்சைகள் பயனளிக்காதவிடத்து, தெரிந்தெடுத்த நோயாளருக்கு இதனைக் கருதலாம் என இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம் 2016இற் கூறியது. உடற்பயிற்சியோடு இதனைச் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க மேலதிக நன்மை கிட்டவில்லை என 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வுகள் காட்டின. 2025இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட முதுகுவலிக்கு இது வேண்டாம் என்றே வலியுறுத்தியது. வலிநோய் வைத்தியர் பலர் அதனை மறுத்துரைத்தனர்.

எனவே, சிகிச்சைக்கு இசையுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: என் வலி எம்மூட்டிலிருந்து எழுகிறது? விறைப்பு மருந்துச் சோதனை செய்தீர்களா? வலி திரும்பினால் அடுத்து என்ன?

படுக்கையிலேயே கிடவாது இயன்றவரை நடமாடுதலும், முறையான உடற்பயிற்சியும், குனிந்து செய்யும் வேலைக்கிடையே எழுந்து நிமிர்தலும் செலவற்ற மருந்துகள். ஆனால், முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, மலசலம் கட்டுப்படாது போனாலோ, காய்ச்சல் கண்டாலோ ஒரு நாளும் தாமதியாது மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையை நாடுங்கள். அடகுக் கடைக்குச் செல்வதற்கு முன் வைத்தியரிடம் வினவுவதே அறிவுடைமை.