மேனியில் துணி படுவதே நோவானால்

பைப்ரோமயால்ஜியா என்னும் பெயர் நம் அங்கத்தினர்களுள் பெரும்பாலோர்க்குப் புதிதாயிருக்கலாம், நோய் புதிதன்று. 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வைத்திய நிபுணர் சர் வில்லியம் கவர்ஸ் இதையொத்த வலிகளை விவரித்து, தேகத்தின் நார்த் திசுக்களில் அழற்சி ஏற்படுவதே காரணம் என்று கருதினார். அக்கருத்து பின்னர் நிலைக்கவில்லை. நார், தசை, வலி என்னும் பொருளுடைய மூன்று பழஞ்சொற்களைக் கோத்து ஆக்கிய இப்போதைய பெயர் 1976 முதல் வழங்கி வருகிறது. மாதக்கணக்கில் உடலெங்கும் பரவி நிற்கும் வலி, உறங்கி எழுந்தும் தீராத அயர்வு, ஞாபகக் குறைவு ஆகியவை இதன் முக்கிய குறிகள். நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரை இதற்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களுள் பெண்களே மிகுதி என்றும் கணக்கிட்டுள்ளனர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது, இந்நோயாளர்களின் சருமம் படும் பாட்டை மட்டுமே.

இவர்களிற் பலர்க்குத் தோலில் இலேசாக ஒன்று படுவதும் வலியாகிறது. பிறர் ஆதரவாகத் தோளைத் தொட்டாலும் கூசுகிறது. இறுக்கமான ரவிக்கைக் கை, இடுப்பில் செருகிய கொசுவம், கஞ்சி மொடமொடப்பு மாறாத புதுப்புடவை, உள்ளே உறுத்தும் தையல் மடிப்பு, ஒவ்வொன்றும் நோவாகிறது. நெய்து பிழைக்கும் நமக்கு இது விந்தையாகவே தோன்றும். 100ஆம் நம்பர் நூலில் நெய்த துணி உறுத்துகிறது என்று ஒருவர் சொன்னால் யார் நம்புவார்? ஆயினும் இது வைத்திய நூல்களில் இடம்பெற்ற குறி. அலோடினியா என்பது அதன் பெயர். வலிக்கக் கூடாத தொடுதல் வலிப்பதே அதன் பொருள்.

காரணத்தைச் சுருங்கக் கூறுவோம். தோலிலிருந்து செய்தி கொண்டு செல்லும் நரம்புகளுக்கும், அச்செய்தியை ஏற்கும் தண்டுவடம், மூளை ஆகியவற்றுக்கும் இடையே ஓர் அளவு உண்டு. இந்நோயில் அவ்வளவு பிறழ்ந்து, சிறு செய்தியும் பெருங்கூக்குரலாகச் சென்று சேர்கிறது. மேலும், 2013இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நோயாளர்களின் தோலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து உருப்பெருக்கியில் சோதித்தவர்கள், ஒரு பகுதியினரிடம் மெல்லிய நரம்பிழைகள் குறைந்திருக்கக் கண்டனர். வலி, வெப்பம், அரிப்பு ஆகிய உணர்ச்சிகளைச் சுமப்பவை அவ்விழைகளே. வியர்வையை ஆள்வதிலும் அவ்வினத்து இழைகளுக்குப் பங்குண்டு. எனவே, வலியோடு எரிச்சலும், தினவும், வியர்வைப் பெருக்கும் கூடி வருவதில் ஆச்சரியமில்லை.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையார் 845 நோயாளர்களின் குறிப்பேடுகளைப் பரிசீலித்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் 270 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 32 பேருக்கு, மிகையான வியர்வை பதிவாகியிருந்தது. 29 பேருக்கு எரிச்சல். 28 பேருக்குக் காரணம் புலப்படாத அரிப்பு. 16 பேருக்கு ஓயாத சொறிதலால் புண்ணோ முடிச்சோ தடிப்போ நேர்ந்திருந்தது. பழைய குறிப்பேடுகளில் எழுதப்பட்டதை மட்டும் எண்ணிய கணக்கு இது என்பதை மறக்கலாகாது. வைத்தியரிடம் சொல்லாமல் விட்ட அரிப்பு எக்குறிப்பேட்டில் ஏறும்? அமெரிக்க வாதநோய் வைத்தியர் கழகம் 2010இல் வகுத்த நோயறி விதிகளின் குறிப்பட்டியலில் அரிப்பு, தடிப்பு, வெயில் ஒவ்வாமை, முடி உதிர்தல் ஆகியவையும் இடம்பெற்றிருக்கின்றன.

இனி, இதழில் எழுதும் அளவுக்கு இது நமக்கு முக்கியமாகத் தோன்றிய காரணத்தைச் சொல்லுவோம். சங்கங்களின் நூல் பட்டுவாடாப் பதிவேட்டைப் பார்வையிடும்போது, பாவு வாங்கிய அங்கத்தினர் ஒருவர் நாள் தவறித் துணி கொடுத்திருந்தால் விளக்கம் கேட்பது வழக்கம். "உடம்பு முடியவில்லை என்கிறார், பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார்" என்று நிர்வாகிகள் விடை கூறக் கேட்டிருக்கிறோம். தறிக்குழியில் கால் வைத்து உட்கார முடியாதவரிடம் வீக்கமுமில்லை, காய்ச்சலுமில்லை, தோலில் ஒரு புள்ளியுமில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தோன்றாது. கண்ணால் கண்டாலன்றி நோயில்லை என்னும் அளவுகோல் இந்நோய்க்குப் பொருந்தாது. கூலி குறைவதோடு வீட்டாரின் நம்பிக்கையும் குறைந்துவிடுகிறது. பெண் அங்கத்தினர் பலர் இதற்கஞ்சியே வாய் திறவாதிருக்கின்றனர் என்பது நம் எண்ணம்.

அதற்காக, தோலில் தோன்றும் யாவற்றையும் இந்நோயின் தலையில் கட்டிவிடுதலும் தவறு. சாயம் தொட்ட கையில் மட்டும் வெடிப்பும் சிவப்பும் தோன்றினால் அது சாயத்தின் வினை. கையுறையே முதல் மருந்து. பூச்சிமருந்து தெளித்த பின் தோன்றும் தடிப்பும் அவ்வாறே. இரவில் வீட்டிலுள்ளோர் அனைவரும் சொறிந்தால் அது சிரங்காயிருக்கலாம். வெள்ளிச் செதிலோடு தடிப்பும் மூட்டு வீக்கமும் இருந்தாலும், கன்னங்களில் சிவப்புப் படர்ந்து மூட்டு வலித்தாலும், அவை வேறு நோய்கள். அவற்றோடு பைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்து வருவதுண்டு. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தோன்றினால் தொழுநோய்ப் பரிசோதனைக்கு உடனே செல்ல வேண்டும். இங்கே உணர்ச்சி மிகுகிறது, அங்கே அழிகிறது, இரண்டையும் குழப்பலாகாது. சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் கோளாறாலும் மேனி அரிக்கும் என்பதால், வைத்தியர் அவற்றுக்கும் பரிசோதனை எழுதுவார்.

கடையில் கேட்டு வாங்கிப் பூசும் களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அரிப்பை உடனே அடக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நரம்பிலிருந்து எழும் அரிப்பை அது தீர்க்காது. தோலை மெலியச் செய்யும். படர்தாமரை இருந்தால் அதை உருமாற்றிப் பரப்பிவிடும். மருந்துக் கடைக்காரர் நல்லவராயிருக்கலாம், வைத்தியர் அல்லர்.

முழுமையாக நீக்கும் மருந்து இதற்கு இல்லை. தணிக்கும் வழிகள் உண்டு. ஐரோப்பிய வாதநோய் வைத்தியர் கழகம் 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளில் உறுதியாக வலியுறுத்தப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே. மெதுவாக நடக்கத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்ல வேண்டும். ப்ரீகாபலின், டுலாக்ஸெடின் முதலிய மருந்துகளை வைத்தியர் தருவதுண்டு. டுலாக்ஸெடினே வியர்வையைப் பெருக்கக்கூடும்; அவ்வாறாயின் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். குளிக்கக் கொதிநீர் வேண்டாம், வெதுவெதுப்பே போதும். ஈரம் முழுதும் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாசனையற்ற களிம்போ தடவலாம். நகத்தை ஒட்ட வெட்டி, அரிக்கும் இடத்தில் சொறிவதற்குப் பதிலாகக் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம்.

உடுப்பைப் பொறுத்தவரை யோசனை சொல்லும் தகுதி நம் அங்கத்தினர்களுக்கே உண்டு. கஞ்சியும் மிகைச் சாயமும் போகப் புதுத்துணியை இருமுறை அலசி உடுத்துவது நலம். சரிகைக் கரை உறுத்துவோர்க்குச் சரிகையற்ற பருத்திப் புடவை ஏற்றது. ரவிக்கையின் தையல் மடிப்பு வெளிப்புறம் வரும்படி தைக்கச் சொல்லலாம். தையற்காரர் சிரிப்பார், தைத்தும் கொடுப்பார்.