எபிசோட் 47: ஆஸ்பென் மரம் பார்க்கப் போன காட்டுல ரைஃபிளோட ஒருத்தர்

கொலராடோ ஹைக்கிங் எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ஸ்ல ஒண்ணு என்னைக் கொஞ்சம் உட்கார வெச்சிடுச்சு. டென்வர் பக்கம் வேலை பார்க்கற ஒரு நேயர், எச்-1பி விசாவுல இருக்கார். அக்டோபர் மாசம் மனைவியோட நேஷனல் ஃபாரஸ்ட் ரோட்டுல போயிட்டு இருந்திருக்கார். முன்னாடி ஒரு பிக்கப் டிரக் ரோட்டு நடுவுல நின்னிருக்கு. ஜன்னல் வழியா ரைஃபிள் குழாய் வெளிய நீட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ன மானை நோக்கி சுட்டிருக்காங்க. அவர் கேட்டது மூணு கேள்வி. "ப்ரோ, அங்க வேட்டைதான் சட்டப்படி சரியாச்சே, இதுவும் சரிதானா? தப்புன்னா யாருகிட்ட சொல்றது? சொன்னா என் விசாவுக்கு ஏதாவது ஆகுமா?"

மூணுமே நியாயமான கேள்வி. நானும் அதே ஊர்ல, அதே மாதிரி விசாவுல இருக்கறவன்ங்கறதால இதைப் பத்தி நிறைய படிச்சு வெச்சிருக்கேன். என் டீம் லீட் வருஷா வருஷம் எல்க் வேட்டைக்குப் போறவர், அவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும் உண்டு.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவு பண்ணிடறேன். நாம வளர்ந்த ஊர்ல 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அதனால காட்டுல துப்பாக்கியோட ஒருத்தரைப் பார்த்தாலே 'திருட்டு வேட்டை'ன்னுதான் மனசு சொல்லும். அமெரிக்காவுல கணக்கு வேற. அங்க மத்திய அரசுகிட்ட மட்டும் சுமார் 64 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கு. நாட்டோட மொத்தப் பரப்புல நாலுல ஒரு பங்குக்கும் மேல. அதுல பெரும்பகுதியில வேட்டைக்கு அனுமதி உண்டு. நேஷனல் பார்க்குகள்ல பொதுவா கிடையாது, நேஷனல் ஃபாரஸ்ட்ல உண்டு. இந்த ரெண்டு பேரையும் குழப்பிக்காதீங்க, நம்ம ஆட்கள் பாதிப் பேர் குழப்பிக்கறாங்க.

நிலம் மத்திய அரசோடது, ஆனா விலங்கு மாநில மக்களோட பொதுச் சொத்து. இதுதான் அங்க அடிப்படைக் கருத்து. அதனால எந்த மாசம், எந்த ஆயுதம், எத்தனை விலங்கு, ஆணா பெண்ணான்னு எல்லாத்தையும் முடிவு பண்றது மாநிலத்தோட வனவிலங்குத் துறை. கொலராடோவுல செப்டம்பர் முழுக்க வில் அம்பு சீசன். அக்டோபர் நடுவுலேர்ந்து ரைஃபிள் சீசன்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணா வரும். இப்ப யோசிச்சுப் பாருங்க. ஆஸ்பென் இலை தங்கமா மாறறது செப்டம்பர் கடைசியில. நாம டி.எஸ்.எல்.ஆர். தூக்கிக்கிட்டுப் போற அதே வாரம், அதே மரங்களுக்கு நடுவுல, தலைலேர்ந்து கால் வரைக்கும் இலை டிசைன் போட்ட ஆளுங்க வில்லோட உட்கார்ந்திருப்பாங்க. நமக்குத்தான் தெரியாது.

சரி, நேயர் பார்த்தது தப்பா? தப்புதான், அதுவும் ஒண்ணுக்கு மேல. கொலராடோவுல வண்டிக்குள்ளேர்ந்து சுடக் கூடாது. ரைஃபிள்ல சுடணும்னா ரோட்டோட நடுக்கோட்டுலேர்ந்து குறைஞ்சது 50 அடி தள்ளி நிக்கணும். ரோட்டைத் தாண்டி சுடவே கூடாது. நேஷனல் ஃபாரஸ்டுக்குன்னு இருக்கற மத்திய விதியும் ரோட்டு மேலயோ ரோட்டுக்குக் குறுக்கவோ சுடறதைத் தடுக்குது. வீடு, கேம்ப்சைட், மனுஷங்க புழங்கற இடம் எதுக்கும் 150 கஜத்துக்குள்ள சுடக் கூடாதுன்னும் அதே விதி சொல்லுது. சேம்பர்ல தோட்டாவோட ரைஃபிளை வண்டியில வெச்சிருந்தாலே கேஸ்.

ஆனா ஒரு நுணுக்கம். நடக்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கு, நிறுத்தின வண்டியிலேர்ந்து சுடறதுக்குத் தனி பெர்மிட் உண்டு. அதனாலதான் சொல்றேன், தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்லை. பார்த்ததைப் பார்த்த மாதிரி சொல்றதுதான் நம்ம வேலை.

இதுக்கு நேர்மாறான சிக்கலும் இருக்கு. நமக்குக் கொடூரமாத் தெரியறது பல சமயம் முழுக்க சட்டப்படி சரியா இருக்கும். விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஹெட்லேம்ப் போட்டுக்கிட்டு ரைஃபிளோட நடக்கறாரா? சரிதான். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாடிலேர்ந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்னாடி வரைக்கும் சுடலாம். அந்த நேரத்துக்குள்ள தன் இடத்துக்குப் போய்ச் சேர்றாரு, அவ்வளவுதான். பாதை ஓரத்துல குடல் குவியல் கிடக்கா? சரிதான், குடலைக் காட்டுலயே விட்டுடலாம். ஆனா சாப்பிடக்கூடிய கறியை அழுக விட்டுட்டு, கொம்பை மட்டும் வெட்டிக்கிட்டுப் போனா அது பெரிய குற்றம். தலையில்லாத முழு உடம்பு ஒண்ணு கிடந்தா, அது கண்டிப்பா சொல்ல வேண்டிய விஷயம்.

ஆரஞ்சு உடையும் அப்படித்தான். ரைஃபிள் சீசன்ல வேட்டைக்காரர் உடம்போட மேல்பாதியில 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சோ பளீர் பிங்க்கோ போட்டிருக்கணும். தலையிலயும் எல்லாப் பக்கமும் தெரியற மாதிரி அதே நிறம் இருக்கணும். வில் அம்பு லைசென்ஸ்ல போறவருக்கு இந்த விதி கிடையாது. அதனால செப்டம்பர்ல ஆரஞ்சு இல்லாத ஆளைப் பார்த்து போன் பண்ணாதீங்க.

அடிக்கடி நடக்கற மீறல் எதுன்னு டீம் லீட்கிட்ட கேட்டேன். அவர் துப்பாக்கியைப் பத்தியே பேசலை. நாலு சக்கர ஏ.டி.வி. வண்டியைத்தான் திட்டினார். எந்தப் பாதையில மோட்டார் வண்டி போகலாம்னு ஃபாரஸ்ட் சர்வீஸ் மேப்பே இலவசமா குடுக்குது. 1964 சட்டப்படி 'வில்டர்னஸ்'னு அறிவிச்ச பகுதியில மோட்டாரே கூடாது. சைக்கிளும் கூடாது. செத்த எல்க்கைத் தள்ளிக்கிட்டு வர ரெண்டு சக்கர வண்டிகூடக் கூடாது. விதியை மதிக்கறவர் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அஞ்சு மைல் ஏறிப் போய் உட்காருவார். ஒருத்தன் ஏ.டி.வி.யில புர்ருன்னு அந்தப் புல்வெளிக்குள்ள வந்து நிப்பான். அந்த வருஷம் முடிஞ்சுது. லைசென்ஸுக்காகச் சில பேர் வருஷக்கணக்குல பாயிண்ட் சேர்த்துட்டுக் காத்திருக்காங்க.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, விதி மீறறவனால முதல்ல அடி வாங்கறது இன்னொரு வேட்டைக்காரர்தான். ரைஃபிள் மேலயும் தோட்டா மேலயும் 11 சதவீத மத்திய வரி இருக்கு. 1937 சட்டப்படி அந்தப் பணம் மாநிலங்களோட வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகுது. 'நான் காசு குடுத்து வளர்த்த மந்தையிலேர்ந்து இவன் திருடறான்'ங்கற கோபம் அவங்களுக்கு உண்டு. அதனால சந்தேகமா ஏதாவது பார்த்துட்டு என்ன பண்றதுன்னு தெரியலைன்னா, பக்கத்துல ஆரஞ்சு போட்ட நல்ல வேட்டைக்காரர் யாராவது இருந்தா அவர்கிட்டயே கேட்கலாம். நம்மளை விட அவருக்கு ஆத்திரம் அதிகமா வரும்.

இப்ப ரெண்டாவது கேள்வி, யாருகிட்ட சொல்றது. கேம் வார்டன்னு பொதுவா சொல்றோம் இல்லையா, கொலராடோவுல அவங்க மாநில வனவிலங்குத் துறை அதிகாரிங்க. கைது பண்ற அதிகாரம் இருக்கற போலீஸ்தான், ஆனா ஒருத்தர் ரொம்பப் பெரிய ஏரியாவைப் பார்த்துப்பார். தனியா எல்லா மலையிலயும் நிக்க முடியாது. அதுக்குத்தான் 'ஆபரேஷன் கேம் தீஃப்'னு ஒரு ஹாட்லைன். 1977ல நியூ மெக்ஸிகோ ஆரம்பிச்சது, 1981ல கொலராடோ எடுத்துக்கிச்சு. பேர் சொல்ல வேண்டாம். கோர்ட்டுல சாட்சி சொல்ல வேண்டாம். தகவல் கேஸா மாறினா சன்மானம் கூட உண்டு, அதையும் பேர் தராமலே வாங்கிக்கலாம்.

மூணாவது கேள்விக்கு பதில் இதுலயே இருக்கு. பேர் குடுக்காம புகார் பண்ண வழி இருக்கும்போது விசா இதுக்குள்ள வர்றதே இல்லை. பேர் குடுத்தாலும் நீங்க ஒரு சாட்சி, அவ்வளவுதான். நம்ம ஆட்கள் 'எதுக்கு வம்பு'ன்னு ஒதுங்கிப் போறதுக்குப் பின்னாடி இருக்கற பயம் எனக்குப் புரியுது. ஆயுதம் வெச்சிருக்கற ஆள், ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு, நம்ம நிறம், நம்ம ஆக்சென்ட், எல்லாம் சேர்ந்த பயம் அது. அந்தப் பயத்தை மதிங்க. அதனால நேருக்கு நேர் போய்ப் பேசாதீங்கன்னுதான் நானும் சொல்றேன். வண்டியை மறிக்கறது, பின்தொடர்றது, முகத்துக்கு நேரா போனைப் பிடிச்சு வீடியோ எடுக்கறது, எதுவும் வேண்டாம்.

இன்னொண்ணு, சட்டப்படி வேட்டையாடற ஒருத்தரை வேணும்னே தொந்தரவு பண்றதும் குற்றம். 50 மாநிலங்கள்லயும் அப்படிச் சட்டம் இருக்கு. மான் பாவம்னு ஹாரன் அடிச்சு விரட்டினா கேஸ் உங்க மேல வரும்.

பண்ண வேண்டியது லாக் எடுக்கறது மாதிரிதான். டெவலப்பர்ஸுக்குச் சொல்லவே வேண்டாம், 'ஆப் வேலை செய்யலை'ன்னு வர்ற டிக்கெட்டால எவ்வளவு பிரயோஜனமோ, 'காட்டுல யாரோ சுட்டாங்க'ன்னு சொல்றதாலயும் அவ்வளவுதான் பிரயோஜனம். வண்டி நம்பர், மாநிலம், நிறம். நேரம். மேப்ல ஒரு பின், அதாவது ஜி.பி.எஸ். இடம். எத்தனை பேர், என்ன உடை. எந்தப் பக்கம் போனாங்க. நீங்க கண்ணால பார்த்தது எது, ஊகிச்சது எதுன்னு பிரிச்சு வெச்சுக்கோங்க. காலி தோட்டாக் கூடு கிடந்தா எடுக்காதீங்க, அது ஆதாரம். சிக்னல் வர்ற இடத்துக்கு வந்ததும் கூப்பிடுங்க, அடுத்த நாள் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. மனுஷங்க இருக்கற பக்கம் சுட்டா மட்டும் ஹாட்லைன் இல்லை, நேரா 911.

கூப்பிட்டா ஏதாவது நடக்குமான்னு கேட்பீங்க. நடக்கும். கொலராடோவுல ஒவ்வொரு மீறலுக்கும் பாயிண்ட் உண்டு. அஞ்சு வருஷத்துல 20 சேர்ந்தா லைசென்ஸ் உரிமையே போகலாம். மாநிலங்களுக்கு நடுவுல ஒரு ஒப்பந்தம் இருக்கறதால, இங்க போனா கிட்டத்தட்ட நாடு முழுக்கப் போன மாதிரி. 1995ல எஸ்டெஸ் பார்க்ல, ஊர் மக்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச சாம்ஸன்ங்கற ஆண் எல்க்கை ஒருத்தன் கள்ளத்தனமா கொன்னுட்டான். ஊரே கொதிச்சுது. 1998ல அது பேர்லயே சட்டம் வந்துது. ஒரு பக்கக் கொம்புல ஆறு கிளையாவது இருக்கற எல்க்கைச் சட்டவிரோதமா கொன்னா, மத்த அபராதம் போக 10,000 டாலர் கூடுதல். அப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்சது ரோபோ மான். தலையும் வாலும் ரிமோட்ல ஆடும். அதை ரோட்டோரமா நிறுத்திட்டு அதிகாரிங்க புதருக்குள்ள உட்கார்ந்திருப்பாங்க. வண்டியிலேர்ந்து சுடறவன் வசமா மாட்டுவான்.

தப்பாச் சுட்டுட்டு தானே போன் பண்றவங்களும் உண்டு. எல்க்னு நினைச்சு மூஸைச் சுட்டுடறது கொலராடோவுல அடிக்கடி நடக்கறது. தானா வந்து சொல்றவங்களை அதிகாரிங்க வேற மாதிரிதான் நடத்தறாங்க. இது சரின்னுதான் எனக்குப் படுது.

கடைசியா, அத்துமீறல் எதுன்னு அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாதுங்கறதுக்கு ஒரு கேஸ். வயோமிங்ல எல்க் மவுண்டன் பக்கம் நிலம் செஸ் போர்டு மாதிரி இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல ரயில் கம்பெனிக்கு ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் குடுத்ததோட மிச்சம். ஒரு கட்டம் பொது, அடுத்தது தனியார். ரெண்டு பொதுக் கட்டங்கள் மூலையில மட்டும் தொடும். 2021ல மிசௌரிலேர்ந்து வந்த நாலு வேட்டைக்காரங்க, அந்த மூலையில ஒரு ஏணியை வெச்சு, தனியார் மண்ணுல காலே படாம ஒரு பொதுக் கட்டத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாண்டினாங்க. நில உரிமையாளர் அத்துமீறல்னு சொன்னார். கிரிமினல் கேஸ்ல 2022ல ஜூரி விடுவிச்சுது. சிவில் கேஸ்ல நஷ்டம்னு உரிமையாளர் தரப்பு சொன்ன தொகை 70 லட்சம் டாலருக்கும் மேல. 2023ல ஃபெடரல் ஜட்ஜ், 2025 மார்ச்ல 10வது சர்க்யூட் அப்பீல் கோர்ட், ரெண்டுமே வேட்டைக்காரங்க பக்கம் தீர்ப்பு சொன்னாங்க. ஆதாரம் 1885ஆம் வருஷத்துச் சட்டம், பொது நிலத்துக்குப் போற வழியை யாரும் அடைக்கக் கூடாதுன்னு. அந்த சர்க்யூட்ல கொலராடோவும் அடக்கம்.

அதே மாதிரி, நாமளே மீறலாம். கொலராடோவுல 'ஸ்டேட் வைல்ட்லைஃப் ஏரியா'ன்னு போர்டு போட்ட இடங்கள் இருக்கு. வேட்டை, மீன்பிடி லைசென்ஸ் காசுல பராமரிக்கற நிலம். 2020 ஜூலைலேர்ந்து, சும்மா நடக்கப் போற பெரியவங்களுக்கும் அங்க வேட்டை லைசென்ஸோ மீன்பிடி லைசென்ஸோ அதுக்கான பாஸோ வேணும். பார்க்கிங்ல இறங்கினதும் போர்டைப் படிங்க. அக்டோபர்ல போறீங்கன்னா உங்களுக்கும் ஒரு ஆரஞ்சு தொப்பி வாங்கிக்கோங்க. நாய் வளர்க்கறவங்க அதுக்கும் ஒரு ஆரஞ்சு சட்டை போட்டு விடுங்க, தூரத்துலேர்ந்து பார்த்தா பழுப்பு நாய்க்கும் மானுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.