சீசன் டிக்கெட் காசுக்கு கச்சேரி பட்டியல் தேறுமா? சபா நோட்டீசை இப்படி படிச்சு பாருங்க

தஞ்சாவூர்:-

மார்கழி பிறந்தா போதும், தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்தில் இருந்து சென்னைக்கு ரெயில் ஏறும் கூட்டம் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் இல்லை. சபா கச்சேரி கேட்கத்தான் இந்த பயணம். பென்ஷன் பணத்தை சிறுக சிறுக சேர்த்து வைத்து சீசன் டிக்கெட் எடுப்பவர்களும் இதில் இருக்கிறார்கள்.

நோட்டீசை கையில் வாங்கியதும் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். இவ்வளவு பேர் பாடுறாங்களே, கொடுக்கிற காசுக்கு இது தேறுமா?

பெயர்களை மட்டும் எண்ணி பார்த்தா எல்லா சபாவும் லாபமாகத்தான் தெரியும். எண்ண வேண்டியது பெயரை இல்லை. நீங்க உண்மையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து கேட்க போறீங்க என்பதைத்தான். இதுபற்றிய விவரம் வருமாறு:-

எப்படி வந்தது இந்த சீசன்?

1927-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோடு சேர்த்து இசை மாநாடும் நடத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி உருவானது. பிறகு ஒவ்வொரு சபாவாக டிசம்பருக்கு வந்து சேர்ந்தன. தமிழ் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்று 1943-ல் தமிழ் இசை சங்கம் தொடங்கியது. பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றம்தான் அதன் இடம். 2017-ல் யுனெஸ்கோ அமைப்பு சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது.

இன்றைக்கு மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் என்று எந்த பக்கம் திரும்பினாலும் சபாதான். மியூசிக் அகாடமியில் மட்டும் டிசம்பர் 15-ந்தேதி முதல் ஜனவரி 1-ந்தேதி வரை கச்சேரி நடப்பது வழக்கம். இப்படி கடை நிறைய இருக்கும்போது விலை பார்த்து வாங்குவதில் தப்பே இல்லை.

முதலில் நேரத்தை பாருங்க

நோட்டீசில் பெயரை பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் போட்டிருக்கும் மணியை பாருங்க. பகல் 12 மணி, மதியம் 2 மணி வாக்கில் பாடுவது பெரும்பாலும் வளர்ந்து வரும் இளைஞர்கள். மாலை 4 மணிக்கு வருபவர்கள் அதற்கு அடுத்த படி. 6 மணிக்கு மேல்தான் பெரிய வித்வான்கள்.

இதில் மதிய கச்சேரிக்கு பல சபாக்களில் டிக்கெட்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

ஒரு சபாவில் 16 நாள், தினமும் 4 கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். நோட்டீசில் 64 பெயர் வரும். பார்க்கவே மலைப்பா இருக்கும். ஆனால் இதில் பாதி இலவசம். அப்போ நீங்க காசு கொடுப்பது 32 கச்சேரிக்குத்தான். அந்த 32-ல் நீங்க கட்டாயம் கேட்டே ஆகணும் என்று நினைப்பது எத்தனை? ஒரு பேனாவை எடுத்து டிக் போட்டு பாருங்க. 8, 10-க்கு மேல் போவது அபூர்வம். உங்க டிக்கெட்டின் உண்மையான பட்டியல் அந்த 10 பேர்தான்.

இரண்டரை மணியும் முக்கால் மணியும் ஒன்றில்லை

அடுத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இப்போ மேடையில் கேட்கும் கச்சேரி முறையை வகுத்து கொடுத்ததில் அரியக்குடி ராமானுஜ அய்யங்காருக்கு (1890-1967) பெரிய பங்கு உண்டு. முதலில் வர்ணம், பிறகு சில கீர்த்தனைகள், நடுவில் விரிவாக ஒரு மெயின் உருப்படி, அதன் முடிவில் மிருதங்கத்துக்கு தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள், மங்களம். இவ்வளவும் நிதானமாக வர இரண்டரை மணி நேரமாவது வேண்டும். ராகம் தானம் பல்லவியும் சேர்ந்தால் அதுக்கும் மேலே.

ஒன்றேகால் மணி நேரம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு பெரிய வித்வானா இருந்தாலும் பல்லவி எல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஒரே மாலையில் 5 பேர் என்று போட்டு, ஆளுக்கு முக்கால் மணி நேரம் கொடுக்கும் விழாக்களும் உண்டு. நோட்டீசில் பார்க்க பிரமாதமா இருக்கும். பாட்டு சூடு பிடிக்கும்போது கீழே இறங்கிடுவாங்க.

இன்னொன்று, நீங்க எப்போ எழுந்து போவீங்க என்பதையும் கணக்கில் சேருங்க. தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் கேண்டீனுக்கு கிளம்பும் கூட்டம் எல்லா சபாவிலும் உண்டு. கடைசி பஸ்சுக்கு பயந்து 8 மணிக்கே எழுந்தா, இரண்டரை மணிக்கு காசு கொடுத்து ஒன்றரை மணி நேரம் கேட்டதாகத்தான் அர்த்தம்.

சின்ன வகுத்தல் கணக்கு

சீசன் டிக்கெட்டா, தினசரி டிக்கெட்டா என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. சீசன் டிக்கெட் விலையை தினசரி டிக்கெட் விலையால் வகுங்க. வரும் எண்ணிக்கைதான் நீங்க குறைந்தபட்சம் போக வேண்டிய நாள்.

ஒரு பேச்சுக்கு, 16 நாள் சீசன் டிக்கெட் ரூ.6 ஆயிரம், அதே வரிசையில் தினசரி டிக்கெட் ரூ.500 என்று வைப்போம். 6 ஆயிரத்தை 500-ஆல் வகுத்தா 12. அதாவது 16 நாளில் 12 நாளைக்கு மேல் போனால்தான் சீசன் டிக்கெட்டில் லாபம். 6 நாள்தான் போக முடியும் என்றால் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் விழும். தினசரி டிக்கெட் எடுத்தா ரூ.3 ஆயிரத்தோடு முடிஞ்சிடும்.

அப்போ சீசன் டிக்கெட் வேஸ்ட்டா? அப்படியும் சொல்ல முடியாது. அதில் கிடைப்பது நிச்சயமான இருக்கை. கூட்டம் அள்ளும் பாடகர்கள் கச்சேரி அன்று கவுண்டரில் போய் நின்றால் டிக்கெட் இல்லை என்ற பதில் வரலாம். மயிலாப்பூரிலேயே வீடு, தினமும் நடந்தே போயிடலாம் என்பவர்களுக்கு சீசன் டிக்கெட் சரி. வெளியூர்க்காரர்களுக்கு கணக்கு வேறு.

வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட் சின்ன செலவுதான்

இதை நம்ம பக்கத்து ரசிகர்கள் பல பேர் கவனிப்பது இல்லை. டிக்கெட்டில் 100, 200 மிச்சம் பிடிக்க பார்ப்பார்கள். மற்ற செலவு கையை கடிக்கும்.

6 நாள் சென்னையில் தங்குவதாக வைப்போம். ரூம் வாடகை ஒரு நாளைக்கு ரூ.1,200 என்றால் ரூ.7,200. சாப்பாடு, ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு ரூ.500 என்றால் ரூ.3 ஆயிரம். ரெயிலுக்கு போக வர ரூ.800. ஆக மொத்தம் ரூ.11 ஆயிரம். இதில் டிக்கெட் ரூ.3 ஆயிரத்தை சேர்த்தா ரூ.14 ஆயிரம். டிக்கெட் மொத்த செலவில் கால் பங்கு கூட இல்லை.

அதனால் வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டியது எந்த சபா சிறந்தது என்பதை விட, எந்த தேதிகள் சிறந்தது என்பதைத்தான். நீங்க டிக் போட்ட 10 பேரில் 6, 7 பேர் அடுத்தடுத்த 4 நாளில் வருகிறார்களா என்று பாருங்க. ஒரே சபாவில் இருக்க வேண்டும் என்று இல்லை. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில்தான் இருக்கின்றன. தி.நகரில் கிருஷ்ண கான சபா, வாணி மகால். ஒரு இடத்தில் 4 மணி கச்சேரி முடிச்சுட்டு இன்னொரு இடத்தில் 6 மணி கச்சேரிக்கு போயிடலாம். 4 நாளில் காரியம் முடிஞ்சா 2 நாள் ரூம் வாடகை மிச்சம்.

துணைக்கு அக்கா, தங்கச்சி, பக்கத்து வீட்டு மாமி யாராவது சேர்ந்தால் ரூம் வாடகை இரண்டாக பிரியும். கச்சேரி பற்றி பேசவும் ஆள் கிடைக்கும்.

ஒரே பெயர் எத்தனை சபாவில்?

முன்னணி பாடகர்கள் ஒரு சீசனில் ஒரு சபாவில் மட்டும் பாடுவது குறைவு. பல சபாக்களில் பாடுவார்கள். அதனால் இரண்டு, மூன்று சபா நோட்டீசை பக்கத்தில் பக்கத்தில் வைத்து பாருங்க. விலை அதிகமான சபாவில் இருக்கும் பெயர், விலை குறைந்த சபாவிலும் இருந்தால் அதை அடித்து விடுங்க. எல்லாம் அடித்த பிறகு மிச்சம் எத்தனை பெயர் நிற்கிறதோ, அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறீங்க.

பெரிய எழுத்தில் இருக்கும் பெயரோடு நிறுத்தாமல், கீழே சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். வயலின் யார், மிருதங்கம் யார், கடம், கஞ்சிரா உண்டா என்பது அதில்தான் இருக்கும். பாடகர் அதே ஆள்தான், ஆனால் ஒரு சபாவில் பக்கவாத்தியம் பிரமாதமாக அமைந்திருக்கும். விவரம் தெரிந்த ரசிகர்கள் அதை பார்த்துத்தான் நாளை முடிவு செய்வார்கள்.

டிக்கெட்டில் எழுதாத விஷயங்கள்

கச்சேரி டிக்கெட் விலை ஒரு ஆளுக்கு ரூ.500 வரை இருந்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. அதை தாண்டினால் 18 சதவீதம். ரூ.600 டிக்கெட்டுக்கு ரூ.108 வரி சேர்ந்து ரூ.708 ஆகிவிடும். ஆன்லைனில் எடுத்தால் அதுக்கு தனி கட்டணம் வேறு. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு, அந்த தொகையை வைத்துத்தான் கணக்கு போட வேண்டும்.

முன்வரிசைகள் நன்கொடையாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒதுக்கப்படுவது வழக்கம். எனவே உங்க டிக்கெட் எந்த வரிசை, பால்கனியா, தூண் மறைக்குமா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

பாடகருக்கு தொண்டை கட்டிவிட்டால் வேறு ஒருவரை போடுவார்கள். அதற்காக பணம் திரும்ப கேட்க முடியாத அளவுக்கு டிக்கெட் பின்னால் நிபந்தனை இருக்கலாம். ஒரே ஒரு பாடகருக்காக மட்டும் பெரிய தொகை கொடுக்காதீங்க என்று சொல்வது இதனால்தான்.

சினிமா இசை நிகழ்ச்சிக்கும் இதே எச்சரிக்கை தேவை. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந்தேதி சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரகுமான் இசை நிகழ்ச்சி நடந்தது. டிக்கெட் எடுத்த பல பேர் நெரிசலில் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். ரகுமானே வருத்தம் தெரிவித்தார். உள்ளே போக முடியாதவர்களுக்கு பணம் திருப்பி தரப்பட்டது. மேடையில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும், இருக்கை எண் போட்ட டிக்கெட்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா, எந்த வாசல் என்பதும் விலைக்குள் அடக்கம் என்பதை அந்த சம்பவம் காட்டியது.

காலி நாற்காலிக்கு பாடும் பிள்ளைகள்

பணம் இல்லை, ஆனால் ஆசை இருக்கு என்பவர்களுக்கு மதிய கச்சேரிதான் வரப்பிரசாதம். இன்று மாலை கச்சேரியில் அரங்கம் நிரப்பும் வித்வான்களில் பல பேர் ஒரு காலத்தில் பகல் 12 மணிக்கு பாடியவர்கள்தான். அன்றைக்கு கேட்டவர்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் பாடும் பிள்ளைகளுக்கு சன்மானம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பல நாள் அப்பா, அம்மா, குரு, நாலு நண்பர்கள், மிச்சம் காலி நாற்காலி. 20 பேர் கூடுதலாக போய் உட்கார்ந்தால் அவர்களுக்கு அதுவே பெரிய தெம்பு. மாலை டிக்கெட் எடுத்தவர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாக போனாலே போதும். டிக்கெட் காசின் மதிப்பும் கூடிவிடும்.

2020-ல் கொரோனாவால் சீசன் ஆன்லைனுக்கு போனது. அதில் இருந்து வீட்டிலேயே செல்போனில் காசு கட்டி கேட்கும் பழக்கமும் வந்தது. முழங்கால் வலி, பயணம் ஆகாது என்பவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று சபாவில் கேட்டுக்கொள்ளலாம்.

டிக்கெட்டே இல்லாத விழா

சென்னை சீசன் முடிந்த கையோடு, பெரும்பாலும் ஜனவரியில், நம்ம திருவையாறில் தியாகராஜர் ஆராதனை வந்துவிடும். தியாகராஜர் மறைந்தது 1847-ல். காவிரி கரையில் இருக்கும் அவர் சமாதிக்கு கட்டிடம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே நாட்டை, கவுளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அமைந்த பஞ்சரத்தின கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கான கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து பாடுவார்கள். அனுமதி இலவசம்.

ஆனால் இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. மற்ற நாட்களில் ஆளுக்கு கால் மணி, 20 நிமிடம்தான் கிடைக்கும். பெயர் நிறைய, நேரம் கொஞ்சம். ஒருவரை விரிவாக கேட்க வேண்டும் என்றால் சபா. எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றால் திருவையாறு.

டிக்கெட் எடுக்கும் முன் 5 கேள்வி

1. நோட்டீசில் இலவச கச்சேரியை கழித்தால் மிச்சம் எத்தனை?

2. அதில் கட்டாயம் கேட்க வேண்டியவர்கள் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு நேரம்?

3. அதே பெயர் குறைந்த விலையில் வேறு சபாவில் இருக்கிறதா?

4. சீசன் விலையை தினசரி விலையால் வகுத்தால் வரும் நாட்களுக்கு மேல் என்னால் போக முடியுமா?

5. வரி, ரூம், ரெயில், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒரு கச்சேரிக்கு எவ்வளவு விழுகிறது?

ஐந்துக்கும் பதில் எழுதி, கடைசியில் வரும் தொகையை பாருங்க. அந்த காசை கொடுத்துட்டு, கச்சேரி முடிஞ்சு வெளியே வரும்போது மனசு உறுத்தாது என்று தோன்றினால் தாராளமாக எடுக்கலாம். இல்லை என்றால் மதிய கச்சேரிக்கு கதவு திறந்தேதான் இருக்கு.